லண்டன் பிரிட்ஜ், காலை ஆறு மணி

1863 ஜூன் 26, வெள்ளிக்கிழமை. லண்டன் பிரிட்ஜ் ரயில் நிலையத்தில் விடிந்ததும் விடியாததுமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் பெட்டி படுக்கையோடு கூடியிருந்தார்கள். யார்க்‌ஷயரின் செல்பி ஊரைச் சேர்ந்த ஜெமைமா மோரெல் என்ற 31 வயதுப் பெண்ணும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். அவரோடு வந்தவர்களையும் சேர்த்து அந்தச் சிறு குழுவில் ஏழு பேர். நான்கு பெண்கள், மூன்று ஆண்கள். விளையாட்டாகத் தங்களுக்கு ‘ஜூனியர் யுனைடெட் ஆல்பைன் கிளப்’ என்று பெயர் சூட்டிக்கொண்டவர்கள். எல்லோரையும் அழைத்துச் செல்லப்போகிறவர் தாமஸ் குக். சுவிட்சர்லாந்துக்கு அவர் நடத்திய முதல் வழிகாட்டிச் சுற்றுலா அது.

முதல் நாள் பயணம் லேசானதல்ல. ரயிலில் நியூஹேவன் துறைமுகம், அங்கிருந்து நீராவிக் கப்பலில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து பிரான்ஸின் தியெப், மறுபடி ரயிலேறி ரூவான் வழியாகப் பாரீஸ். போய்ச் சேர்ந்தபோது இரவு வெகுநேரமாகிவிட்டது. பாரீஸ் நேரம் லண்டன் நேரத்தைவிட ஒன்பது நிமிடம் முந்தியது. ஊருக்கு ஊர் உள்ளூர் நேரம் இருந்த காலம் அது. களைப்பாற நேரமில்லை. அடுத்து ஜெனீவா செல்லும் நீண்ட ரயில் பயணம் காத்திருந்தது.

இத்தனை அலைச்சலிலும் அவர்களுக்கு ஒரு நிம்மதி இருந்தது. எந்த ஊரில் எந்த வண்டி பிடிப்பது, எங்கே தங்குவது என்று யாரும் தவிக்க வேண்டியிருக்கவில்லை. புதிய நாட்டில் கால் வைத்ததும் பயணியைப் பிடித்துக்கொள்ளும் அந்த முதல் நாள் திகைப்பைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டதுதான் குக் செய்த பெரிய காரியம்.

அதற்கு முன் ஐரோப்பியப் பயணம் என்பது செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளின் உரிமையாக இருந்தது. ஆசிரியரும் பணியாளும் கூடவர, மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் இத்தாலிவரை போய் வருவார்கள். நடுத்தரக் குடும்பத்துத் தம்பதிக்கோ மணமாகாத பெண்ணுக்கோ அது எட்டாக்கனி. ரயில் வந்து தூரத்தைச் சுருக்கிய பிறகும் தொல்லைகள் தீரவில்லை. ஒவ்வொரு ரயில் கம்பெனிக்கும் தனித்தனி டிக்கெட். எல்லையில் சுங்கப் பரிசோதனை. ரைன் நதியோரம் ஒரு நாட்டில் தாலர், பக்கத்து நாட்டில் கில்டர் என்று மாறும் நாணயம்.

குக் பிறந்தது 1808இல், டெர்பிஷயரின் மெல்போர்ன் கிராமத்தில். மரக் கடைசல் தொழிலாளி, பாப்டிஸ்ட் பிரசாரகர், மதுவிலக்கில் தீவிரப் பற்றுக்கொண்டவர். 1841 ஜூலை 5 அன்று மதுவிலக்குக் கூட்டமொன்றுக்காக லெஸ்டரிலிருந்து லஃபரோவுக்கு ஏறத்தாழ 500 பேரை ரயிலில் அழைத்துப் போனார். கட்டணம் ஒரு ஷில்லிங். உழைத்துக் களைத்தவர்களுக்குச் சாராயக் கடையைத் தவிர வேறொரு மகிழ்ச்சியும் உண்டு என்று காட்டுவதே அவர் நோக்கம். பிறகு ஸ்காட்லாந்து, 1851இல் லண்டன் பெருங்கண்காட்சி என்று தொழில் வளர்ந்தது. 1855இல் ஆன்ட்வெர்ப், பிரஸ்ஸல்ஸ், கொலோன் வழியாகப் பாரீஸுக்கு ஒரு குழுவை நடத்திச் சென்றார். கையைக் கடித்தது. ஆனாலும் அவர் விடவில்லை.

1863இன் சுவிஸ் பயணத்தில் அந்த விடாப்பிடிக்குப் பலன் கிடைத்தது. பிரிட்டிஷ் பயணிகளுக்குப் பாஸ்போர்ட் வேண்டியதில்லை என்று பிரான்ஸ் சில ஆண்டுகளுக்கு முன்பே அறிவித்திருந்தது வசதியாகப் போயிற்று. ஜெமைமாவும் தோழியரும் தரையைத் தொடும் பாவாடையோடு ஷமோனியின் பனியாற்றைக் கடந்தார்கள். செங்குத்தான கெம்மி கணவாயைத் தாண்டினார்கள். ரிகி மலையுச்சியில் சூரியோதயம் பார்க்கத் தூக்கத்தைத் துறந்தார்கள். அத்தனையையும் ஜெமைமா நாட்குறிப்பில் எழுதி வைத்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் லண்டனின் குண்டுவீச்சு இடிபாடுகளில் ஒரு தகரப் பெட்டிக்குள் கிடைத்த அந்தக் குறிப்பு, பயணத்தின் நூற்றாண்டான 1963இல் அச்சேறியது.

நடுத்தரக் குடும்பத்தினர் இப்படி ஐரோப்பா சுற்றுவது அன்றைய மேட்டுக்குடியினருக்குப் பொறுக்கவில்லை. எழுத்தாளர் சார்லஸ் லீவர் 1865இல் ‘பிளாக்வுட்ஸ்’ இதழில், குக்கின் பயணிகளை மந்தை என்று இகழ்ந்தார். ஆஸ்திரேலியா ஏற்க மறுத்த கைதிகளைத்தான் இவர் இத்தாலிக்குக் கூட்டிவருகிறார் என்றுகூடக் கதை கட்டினார். மலையும் ஓவியமும் பிரபுக்களுக்கு மட்டும் சொந்தமா என்று குக் கேட்டது நியாயமான கேள்வி.

கேள்வியோடு அவர் நிற்கவில்லை; வழியைச் செப்பனிட்டுக்கொண்டே போனார். 1868இல் ஹோட்டல் கூப்பன் வந்தது. முன்கூட்டியே பணம் கட்டி வாங்கிய சீட்டை நீட்டினால் அறையும் சாப்பாடும் கிடைக்கும். பேரம் பேச அந்த ஊர் மொழி தெரிய வேண்டாம். 1873இல் ஐரோப்பிய ரயில் கால அட்டவணை வெளியானது. 1874இல் வந்த ‘சர்க்குலர் நோட்’, பிற்கால டிராவலர்ஸ் செக்குக்கு முன்னோடி. 1881இல் பம்பாயில் கிளை திறந்தாயிற்று.

இன்று சென்னை விமான நிலையத்தில் ஐரோப்பாவுக்குப் புறப்படும் தம்பதிகளின் கையில் ஃபாரெக்ஸ் கார்டு, கழுத்தில் பெயரட்டை. கொடி பிடித்த டூர் மேனேஜர் தலை எண்ணுகிறார். சில குழுக்களோடு சமையற்காரரும் உடன் போகிறார். பாரீஸ், பிறகு சுவிட்சர்லாந்து என்ற வரிசை பல திட்டங்களில் அப்படியே இருக்கிறது.

குக்கின் பிரிட்டிஷ் நிறுவனம் 2019 செப்டம்பர் 23 அன்று கடன் சுமையில் மூழ்கியது. தனி நிறுவனமாகிவிட்டிருந்த இந்தியக் கிளை தப்பித்தது. வெளிநாடுகளில் சிக்கிக்கொண்ட ஏறத்தாழ 1,50,000 பிரிட்டிஷ் பயணிகளை அரசாங்கமே விமானங்களை அமர்த்தி இரண்டு வாரத்தில் ஊர் கொண்டு சேர்த்தது. அந்த நடவடிக்கைக்கு அதிகாரிகள் வைத்த பெயர் ஒரு சுவிஸ் மலையின் பெயர்: ‘ஆபரேஷன் மேட்டர்ஹார்ன்’.