அச்சத்தின் மேல் எழுந்த அரசு: ஸ்பார்ட்டாவும் ஹெலட்டுகளும்

கிரேக்க நகர அரசுகளுள் படைவலிமையில் தலைசிறந்ததெனப் பெயர் பெற்ற ஸ்பார்ட்டா, கி.மு. 371இல் லியூக்ட்ராவில் அடைந்த ஒரே தோல்விக்குப் பின் பழைய நிலைக்கு மீளவே இயலாமற் போனதற்கான காரணத்தைப் போர்க்களத்தைவிட அதன் சமூக அமைப்பில் தேடுவதே பொருத்தமாகும். கி.மு. 8ஆம் நூற்றாண்டின் இறுதியளவில் அண்டை நாடான மெசேனியாவை வெல்லத் தொடங்கிய ஸ்பார்ட்டா, தன்னைப் போலவே கிரேக்க மொழி பேசிய அம்மக்களை நிலத்தோடு பிணைக்கப்பட்ட பண்ணையடிமைகளாக்கியது. 'ஹெலட்டுகள்' எனப்பட்ட இவர்களது உழைப்பின் விளைச்சலை உண்டே, முழுக் குடியுரிமை பெற்ற ஸ்பார்ட்டியர் போர்ப்பயிற்சி ஒன்றையே வாழ்வாகக் கொள்ள முடிந்தது. கி.மு. 479இல் பிளாட்டீயாப் போருக்குச் சென்ற 5,000 ஸ்பார்ட்டியருள் ஒவ்வொருவருடனும் ஏழு ஹெலட்டுகள் சென்றனர் என்னும் ஹெரோடோட்டஸின் குறிப்பு, ஆண்டவர் எவ்வளவு சிலர், ஆளப்பட்டோர் எவ்வளவு பலர் என்பதை உணர்த்துகிறது.

இந்த ஏற்றத்தாழ்வு அச்சத்தை அரசின் நெறியாகவே ஆக்கிவிட்டது. ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பட்ட 'எபோர்கள்' என்னும் ஐந்து ஆட்சியாளர்கள், பதவியேற்றதும் ஹெலட்டுகள் மீது முறைப்படி போர் அறிவித்தனர். ஹெலட்டு ஒருவனைக் கொல்வது பாவமாகாது என்பதற்கே இந்த ஏற்பாடு. 'கிரிப்டேயா' என்ற பெயரில் குறுவாளுடன் அனுப்பப்பட்ட இளைஞர்கள், பகலில் மறைந்திருந்து, இரவில் வழியில் அகப்பட்ட ஹெலட்டுகளைக் கொன்றனர் எனப் புளூட்டார்க் எழுதுகிறார். எபோர்கள் கூடி உண்ட மண்டபத்தின் அருகே அச்சத்திற்கென்றே ஒரு கோயில் இருந்ததாகவும் அவரே கூறுகிறார். துசிடிடீஸ் பதிவு செய்துள்ள நிகழ்ச்சி இவை அனைத்தினும் கொடியது. போரில் சிறந்து பணியாற்றியதாகக் கருதும் ஹெலட்டுகள் முன்வரலாம், அவர்களுக்கு விடுதலை உண்டு என்று அறிவித்த அரசு, தேர்ந்தெடுக்கப்பட்ட சுமார் 2,000 பேர் மாலை சூடிக் கோயில்களை வலம் வந்த பின், அவர்கள் எவ்வாறு மாண்டனர் என்று எவரும் அறியாவண்ணம் ஒழித்துக்கட்டியது. விடுதலையை முதலில் கோரத் துணிபவனே கிளர்ச்சிக்கும் முதலில் துணிவான் என்பதே அதன் கணக்கு.

ஆயினும் அடக்குமுறை அச்சத்தைத் தணிக்கவில்லை. கி.மு. 464 அளவில் நேர்ந்த பெருநிலநடுக்கத்தைத் தொடர்ந்து ஹெலட்டுகள் கிளர்ந்து மெசேனியாவின் இத்தோமே மலையில் அரண் அமைத்தபோது, உதவிக்கு வந்த ஏதென்ஸ் படை கிளர்ச்சியாளரோடு சேர்ந்துவிடுமோ என்று ஐயுற்று, ஸ்பார்ட்டா அதைத் திருப்பி அனுப்பியது. நட்பு நாடு பகை நாடாயிற்று.

அச்சம் உள்ளிருந்தும் அரித்தது. பொது உணவுக்கூடத்திற்குரிய பங்கைச் செலுத்த இயலாதவன் முழுக் குடியுரிமையை இழந்தான்; நிலம் சிலர் கையில் குவிந்தது. இழந்தவர் இடத்தை மற்றவரைச் சேர்த்து ஈடுசெய்யவோ, எவரையும் எளிதில் நம்பாத அவ்வரசுக்கு மனமில்லை. கி.மு. 480இல் ஸ்பார்ட்டியர் சுமார் 8,000 பேர் இருந்தனர்; லியூக்ட்ராவில் போரிட்டவர்களோ 700 பேரே. அவர்களுள் 400 பேர் மடிந்தனர். அதற்கு ஒரு தலைமுறைக்கு முன் சதி செய்து பிடிபட்ட கினடான் என்பவன், ஹெலட்டுகளும் உரிமை குறைந்த பிற பிரிவினரும் ஸ்பார்ட்டியரைப் பச்சையாகவே தின்னும் வெறுப்பில் உள்ளனர் என்று கூறியதாகச் செனபோன் எழுதுகிறார்.

முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்த ஆதிக்கத்தை எளிதில் நொறுங்கியதெனக் கூறுவது பொருந்தாது. அது நின்றவரை ஒவ்வொரு நெருக்கடியிலும் புறப்பகையோடு உட்பகையையும் எண்ணியே இயங்க வேண்டியிருந்தது என்பதே உண்மை. கி.மு. 370–369 குளிர்காலத்தில் லியூக்ட்ராவில் வென்ற தீப்ஸின் தளபதி எபமினோண்டாஸ் ஸ்பார்ட்டாவின் சொந்த நிலப்பகுதியான லகோனியாவினுள் புகுந்தபோது, போரிட முன்வரும் ஹெலட்டுகளுக்கு விடுதலை அறிவித்த ஸ்பார்ட்டா, 6,000க்கும் மேற்பட்டோர் பெயர் கொடுத்ததும், அவர்களைக் கண்டே அஞ்சியது. கி.மு. 369இல் மெசேனியா விடுதலை பெற்று, இத்தோமேயின் அடிவாரத்தில் மெசேனே நகரம் எழுந்தது. கி.மு. 362இல் கிரேக்க அரசுகள் பொது அமைதி உடன்பாடு செய்துகொண்டபோது, மெசேனியரைத் தன்னுரிமையுள்ள மக்களாக ஏற்க மறுத்த ஸ்பார்ட்டா மட்டும் அதில் சேராது தனித்து நின்றது.