அடக்கப் பதிவேடும் தண்ணீர் மனுவும்

ஆங்கில இலக்கியம் பாடமாகப் படித்தவர்களுக்கு பாட்ரிக் பிரான்ட்டே என்பவர் மூன்று நாவலாசிரியைகளின் தகப்பனார் மட்டும்தான். 'ஜேன் அயர்', 'வுதரிங் ஹைட்ஸ்' ஆகியவற்றின் பின்னணியில், யார்க்ஷயர் மேட்டு நிலத்தில், கல்லறைகளை ஒட்டி ஒரு வீடு. அதற்குள் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிற, தினம் காலையில் ஜன்னல் வழியே துப்பாக்கி வெடிக்கிற, கடுகடுத்த ஒரு பாதிரியார். இந்தச் சித்திரத்தைப் பரப்பியவர் எலிஸபெத் காஸ்கெல். 1857ல் அவர் எழுதி வெளிவந்த ஷார்லட்டின் வாழ்க்கை வரலாற்றில், குழந்தைகளின் வண்ணச் செருப்புகளை இவர் தீயில் போட்டதாகவும் மனைவியின் பட்டு உடையைக் கிழித்ததாகவும் கதைகள் இருந்தன. மூன்றாம் பதிப்பில் அவற்றை எடுத்துவிட்டார்கள். புத்தகத்திலிருந்து போனவை வகுப்பறையிலிருந்து போகவில்லை. எனக்கும் அப்படித்தான் சொல்லித்தரப்பட்டது.

இந்தச் சித்திரத்தில் எனக்குள்ள முதல் ஆட்சேபம், அதில் அந்த மனிதரின் வேலை இல்லை என்பது. 1820 முதல் 1861ல் இறக்கும்வரை, 41 ஆண்டுகள், ஹாவர்த் என்ற கம்பள நெசவு ஊரில் அவர் போதகர். ஞானஸ்நானம், விவாகம், அடக்கம், பிரசங்கம், நோயாளி சந்திப்பு என்று போன வாழ்க்கை. நாவல்களுக்குப் பின்புலம் தேடுகிற விமர்சனம் இதையெல்லாம் வெறும் காட்சி ஜோடனையாக்கிவிடுகிறது.

1777ல் அயர்லாந்தின் டவுன் பிரதேசத்தில் ஓர் ஏழை விவசாயக் குடும்பத்தில், பத்துப் பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தவர். கொல்லுப்பட்டறையிலும் தறியிலும் வேலை பார்த்தவர். பதினாறு வயதில் ஒரு சிறு பள்ளிக்கு ஆசிரியரானார். 1802ல் கேம்பிரிட்ஜ் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில், ஏழை மாணவருக்குரிய சலுகைக் கட்டணத்தில் இடம் கிடைத்தது. 1806ல் பட்டம், அதே ஆண்டு குருத்துவத்தின் முதற்படி. படிப்பைத் தவிர வேறு முதல் இல்லாதவனுக்கு அக்காலத்து இங்கிலாந்தில் திருச்சபை ஓர் ஏணி. இதைச் சொல்வதால் அவருடைய விசுவாசத்தைச் சந்தேகிப்பதாகாது. விசுவாசமும் ஜீவனமும் ஒரே இடத்திலிருந்து வருகிறபோது ஒரு குடும்பம் எப்படி வாழ்கிறது என்பதே என் விசாரம்.

ஹாவர்த்தில் அவர் முழு உரிமையுள்ள குருவும் அல்ல. பிராட்ஃபோர்டு சேகரத்துக்கு உட்பட்ட கோயிலின் நிரந்தர உதவிகுரு. வருமானம் ஆண்டுக்கு 200 பவுனுக்கும் குறைவு. குடியிருக்கும் குருமனை வேலையோடு சேர்ந்தது. அவர் கண் மூடினால் பிள்ளைகள் வெளியேற வேண்டியதுதான். வெளிப்பார்வைக்குக் கனவான் வீடு. உள்ளே ஒரு காணி நிலமும் கிடையாது. பிரான்ட்டே சகோதரிகள் பிறர் வீடுகளில் சம்பளத்துக்குப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப் போனது இதனால்தான். சொந்த வீடு என்பதே இல்லாத பெண்களின் பதற்றம் அவர்கள் நாவல்களில் ஓடுகிறது என்றால், அதன் ஊற்று இந்தக் குருமனையின் பொருளாதாரத்தில் இருக்கிறது.

ஹாவர்த் வந்து ஒன்றரை வருஷத்தில், 1821 செப்டம்பரில், மனைவி மரியா இறந்தார். ஆறு குழந்தைகள், மூத்ததற்கு ஏழு வயது. மைத்துனி எலிஸபெத் பிரான்வெல் வந்து கடைசிவரை குடும்பத்தைப் பார்த்துக்கொண்டார். 1824ல் ஏழைக் குருமாரின் பெண்களுக்கென்றே கௌவன் பிரிட்ஜில் ஒரு பள்ளி திறந்தார்கள். கட்டணம் ஆண்டுக்கு 14 பவுன். இதைவிட்டால் வேறு கதி ஏது? நான்கு பெண்களை அனுப்பினார். 1825 மே மாதத்தில் மூத்தவள் மரியாவும் ஜூன் மாதத்தில் அடுத்தவள் எலிஸபெத்தும் க்ஷயரோகத்தில் இறந்தார்கள். ஷார்லட்டையும் எமிலியையும் தகப்பனார் வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். 'ஜேன் அயர்' வாசகர்கள் லோவுட் என்ற பெயரில் அறிந்திருப்பது இந்தப் பள்ளியைத்தான்.

அவருடைய விசுவாசம் எத்தகையது என்பதற்கு ஒரு சம்பவம். 1824 செப்டம்பர் 2ஆம் தேதி பெருமழையில் கிரோ ஹில் என்ற இடத்தில் சதுப்பு நிலம் வெடித்துச் சேறும் பாறையும் பள்ளத்தில் பாய்ந்தன. அவருடைய கடைசி மூன்று குழந்தைகளும் அப்போது வெளியே உலாவப் போயிருந்தார்கள், தப்பினார்கள். அவர் அதைப் பூமியதிர்ச்சி என்று எண்ணி, கர்த்தருடைய எச்சரிக்கை என்று பிரசங்கம் செய்து, அச்சிட்டும் வெளியிட்டார். பூமியதிர்ச்சி என்பது தவறு. ஆனால் இயற்கையில் நடப்பதற்குக் காரணம் தேடுவதும், அதிலேயே கடவுளின் கையைக் காண்பதும் அவரிடம் ஒன்றுக்கொன்று இடைஞ்சலாக இருக்கவில்லை. டாக்டர் கிரஹாமின் வீட்டு வைத்திய நூல் ஒன்று அவரிடம் இருந்தது. அதன் ஓரங்களில் நோய்களையும் மருந்துகளையும் பற்றி அவர் எழுதிவைத்த குறிப்புகள் பைபிள் விளக்கம் எழுதுகிற சிரத்தையோடு எழுதப்பட்டவை.

அரசியலில் பழமைவாதிதான். ஆனால் ஏழைகளைத் தொழில் விடுதிகளுக்குத் துரத்திய 1834ன் புதிய வறியோர் சட்டத்தை எதிர்த்து 1837ல் ஹாவர்த்தில் நடந்த கூட்டத்துக்குத் தலைமை வகித்தார். 1832ல் குருமனைக்கு எதிரிலேயே ஞாயிறு பள்ளிக் கட்டடம் எழும்பக் காரணமாக இருந்தார். 1842ல் அவருடைய உதவிகுரு வில்லியம் வெயிட்மன், நோயாளிகளைப் பார்க்கப் போய்க் காலராவில் இறந்தார். வயது 28. தங்களுக்குள் தகப்பன்–மகன் உறவே இருந்தது என்று பாட்ரிக் அடக்கப் பிரசங்கத்தில் சொன்னார். குருமாரின் வேலையில் இப்படி ஓர் அபாயம் இருந்ததை நாம் மறந்துவிடுகிறோம்.

1846ல் கண்புரை முற்றிப் பார்வை ஏறக்குறைய போய்விட்டது. போதகருக்குப் பார்வை போனால் குடும்பத்துக்கு வீடு போகிற நிலை. மான்செஸ்டரில், மயக்க மருந்து இல்லாமல், ஒரு கண்ணில் அறுவை செய்தார்கள். இருட்டறையில் அவர் ஒரு மாதம் படுத்திருந்தபோது, துணைக்குப் போயிருந்த ஷார்லட் 'ஜேன் அயர்' எழுதத் தொடங்கினார். கண் திரும்பக் கிடைத்தது. இரண்டு வருஷம் கழித்து அந்தக் கண்ணால் அவர் பார்க்க நேர்ந்தது வேறு. 1848 செப்டம்பரில் மகன் பிரான்வெல், டிசம்பரில் எமிலி, 1849 மே மாதத்தில் ஆன். எட்டு மாதத்தில் மூவர்.

பதிவேடு எழுதுவதைப் பிழைப்பாகக் கொண்டவன் என்பதால் எனக்கு இங்கே ஒரு விஷயம் உறுத்துகிறது. 1812ன் சட்டப்படி ஒவ்வொரு கோயிலும் வைத்திருந்த அச்சிட்ட அடக்கப் பதிவேட்டில் ஐந்து விவரங்களுக்கு இடம் உண்டு: பெயர், குடியிருப்பு, அடக்கம் செய்த நாள், வயது, ஆராதனை நடத்தியவர். ஏன் இறந்தார் என்பதற்கு இடம் கிடையாது. திருச்சபையைப் பொறுத்தவரை காரணம் தெரிந்ததுதான். அது கர்த்தருடைய சித்தம். வாரம் தவறாமல் குழந்தைகளின் வயதை எழுதிக்கொண்டிருக்கும் ஒரு போதகர் அந்தப் பதிலோடு நின்றுவிடலாம். நிற்பதற்கு அவருக்கு வேத வசனங்களும் இருந்தன.

இவர் நிற்கவில்லை. ஆன் இறந்த மூன்றாம் மாதம், 1849 ஆகஸ்டில், ஹாவர்த்தின் தண்ணீரையும் சாக்கடையையும் பரிசோதிக்க ஆள் அனுப்பும்படி லண்டனிலிருந்த சுகாதார வாரியத்துக்கு ஊராரோடு சேர்ந்து மனு அனுப்பினார். தாமதமானபோது மறுபடி எழுதினார். 1850ல் வந்த அதிகாரி பெஞ்சமின் ஹெர்ஷல் பாபேஜ். கணக்கிடும் பொறியை வகுத்த சார்லஸ் பாபேஜின் மகன். அவருடைய அறிக்கையின்படி ஹாவர்த்தில் இறந்தவர்களின் சராசரி வயது 25.8. பிறந்தவர்களில் 41.6 சதவீதம் ஆறு வயதுக்குள் இறந்தார்கள். சாக்கடை கிடையாது, பல வீடுகளுக்கு ஒரே கழிப்பிடம், கிணற்றுத் தண்ணீர் அசுத்தம். கோயிலைச் சுற்றியிருந்த கல்லறைத் தோட்டம் நிரம்பி வழிந்தது. அதை மூட வேண்டும் என்றார்.

அந்தக் கல்லறைத் தோட்டம் குருமனை வாசலிலேயே இருந்தது. தான் ஜெபம் சொல்லி மண்ணிட்ட இடமே உயிரோடிருப்பவர்களுக்கு ஆபத்து என்ற முடிவைத் தானே வரவழைத்துக்கொண்டார் பாட்ரிக். அவருடைய மூன்று பிள்ளைகள் இறந்தது க்ஷயத்தில் என்பதால், தண்ணீர் மனு சொந்தத் துக்கத்துக்கு நேரடியான பதிலும் ஆகாது. பிறர் பிள்ளைகளுக்காக எழுதியது. வரி கூடும் என்று ஊரில் வரி கட்டுகிறவர்களில் பலர் முரண்டு பிடித்தார்கள். அறிக்கை வந்த பின்பும் நல்ல தண்ணீர் வரப் பல ஆண்டுகள் ஆயின. அத்தனை காலமும் அவர் ஞாயிறுதோறும் பிரசங்க பீடத்தில் ஏறி, மரணத்துக்கு ஆயத்தமாயிருங்கள் என்ற உபதேசத்தையும் விடவில்லை. இதை முரண்பாடு என்று நினைப்பவர்கள் விசுவாசம் என்பதைச் சோம்பலோடு குழப்பிக்கொள்கிறவர்கள். பதிவேட்டில் இல்லாத பத்தியை அவர் மனுவில் எழுதினார். அவருடைய தேவன் அதற்குக் கோபிக்கவில்லை என்று அவர் நம்பியிருக்க வேண்டும்.

இதனால் அவரைப் புனிதராக்க வேண்டியதில்லை. 1852 டிசம்பரில் உதவிகுரு ஆர்தர் பெல் நிக்கல்ஸ் ஷார்லட்டை மணக்கக் கேட்டபோது, பாட்ரிக் காட்டிய ஆவேசம் வெட்கப்பட வைக்கிறது. ஏழை உதவிகுருவுக்குப் பெண்ணா என்று குமுறியவர், தானும் ஒரு காலத்தில் அதே ஏழை உதவிகுருதான் என்பதை மறந்தார். 1854 ஜூனில் திருமணம் நடந்தது. கோயில் வீட்டெதிரில் இருந்தும் அவர் போகவில்லை. பெண்ணைக் கைப்பிடித்துக் கொடுத்தவர் ஷார்லட்டின் பழைய ஆசிரியை. ஊர்க் குழந்தைகளின் சாவுக்குக் காரணம் தேடியவருக்கு, எஞ்சிய ஒரே மகளை விட மனமில்லாத தன் பயத்துக்குக் காரணம் தெரியவில்லை.

1855 மார்ச் 31ல் ஷார்லட்டும் இறந்தார். வயது 38. அதன்பின் ஆறு ஆண்டுகள் அந்த வீட்டில் இருந்தவர்கள், வேலைக்காரர் தவிர, இந்த இரண்டு குருமார்தான். வேண்டாத மருமகனாக இருந்த நிக்கல்ஸ்தான் கிழவரின் வேலையையும் சேர்த்துப் பார்த்து, கடைசிவரை அவரையும் பராமரித்தார். மகளின் வரலாற்றை எழுதும்படி காஸ்கெலைக் கேட்டுக்கொண்டவரே பாட்ரிக்தான். தன்னைக் கொடியவராகக் காட்டிய அந்தப் புத்தகத்தைப் படித்தும் அவர் வழக்குக்குப் போகவில்லை. பிழைகளைத் திருத்தச் சொன்னார். தான் கொஞ்சம் விசித்திரமானவன்தான், சாதாரண மனிதனாக இருந்திருந்தால் இப்படிப்பட்ட பிள்ளைகள் பிறந்திருப்பார்களா என்ற பொருளில் எழுதினார்.

1861 ஜூன் 7ஆம் தேதி, 84ஆம் வயதில் பாட்ரிக் இறந்தார். அடுத்த போதகர் நிக்கல்ஸாகத்தான் இருப்பார் என்று பலர் எதிர்பார்த்தார்கள். கோயில் தர்மகர்த்தாக்கள் வேறொருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். வீட்டைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. சாமான்கள் ஏலத்தில் போயின. ஷார்லட்டின் கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றையும் மாமனாரின் நாயையும் எடுத்துக்கொண்டு நிக்கல்ஸ் அயர்லாந்து திரும்பினார். நாற்பது வருஷம் எல்லோரும் பயந்த நாள் வந்தபோது, வெளியேறுவதற்குப் பிள்ளைகள் ஒருவரும் மிச்சமில்லை.