பழைய கார்களில் ரேடியேட்டர் பழுதுபார்ப்பும் மாற்றமும்

பழைய கார்களின் ரேடியேட்டர் செம்பும் பித்தளையும் ஈயமும் சேர்ந்த பொருள். நீர் ஓடும் தட்டைக் குழாய்களும் மேல், கீழ்த் தொட்டிகளும் பித்தளை. குழாய்களுக்கு இடையே அடுக்கியிருக்கும் மெல்லிய ஃபின் தகடுகள் செம்பு. இவை எல்லாவற்றையும் பிடித்து நிறுத்துவது ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அலுமினியக் கோரும் (குழாய்களும் ஃபின்களும் சேர்ந்த நடுப்பகுதி) பிளாஸ்டிக் தொட்டியும் பரவும்வரை இந்த அமைப்பே பெரும்பாலும் நிலைத்தது. இன்றைய ரேடியேட்டர் ஓட்டையானால் புதிது வாங்குவதே வழக்கம். பழையதைப் பிரிக்கலாம், கழுவலாம், பற்றவைக்கலாம்; கோரை மட்டும் மாற்றி அதே தொட்டிகளைத் திரும்பப் பொருத்தலாம். ஆகவே பழைய கார்க்காரருக்கு ‘மாற்று’ என்பது கடைசி வழிதான்.

வரலாறு

1900-இல் வில்ஹெல்ம் மைபாக் வடிவமைத்த தேன்கூட்டு ரேடியேட்டர் நவீன ரேடியேட்டரின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. அடுத்த ஆண்டு பந்தயங்களில் ஓடிய மெர்சிடிஸ் 35 எச்.பி. காரில் இது இடம்பெற்றது. 6 மி.மீ. சதுர வாயுள்ள 8,070 சிறு குழாய்களை அடுக்கிப் பற்றவைத்த இந்தக் கருவிக்கு 9 லிட்டர் நீர் போதுமாயிருந்தது. அதற்கு முந்தைய ஏற்பாட்டுக்கு ஏறக்குறைய இரு மடங்கு தேவைப்பட்டது.

ஃபோர்டு மாடல் டி, ஆஸ்டின் செவன் போன்றவற்றில் நீரைத் தள்ள பம்ப் கிடையாது (மாடல் டி-யின் முதல் சில ஆயிரம் வண்டிகள் மட்டும் விலக்கு). சூடான நீர் மேலேறவும் குளிர்ந்தது கீழிறங்கவும் சுற்றோட்டம் தானாக நடக்கும். பம்ப் உள்ள வண்டி பாதி அடைத்த கோரோடும் சமாளித்துவிடும், இவை சமாளிக்காது. மேல் ஹோஸின் வாய்க்குக் கீழே நீர்மட்டம் இறங்கிவிட்டால் ஓட்டமே நின்றுவிடும்.

இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய பல கார்களுக்கு ரேடியேட்டரே முகம். மாடல் டி-யில் 1916 வரை பளபளத்த பித்தளைச் சட்டம் அதன் அடையாளம். மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையும், அதன் வழிவந்து 2014 வரை உத்தரப்பாராவில் தயாரான அம்பாசடரும் ரேடியேட்டரைக் கிரில்லுக்குப் பின்னே ஒளித்துக்கொண்டன. ஃபியட் 1100-இன் வாரிசான பத்மினியும், சென்னையை அடுத்த வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் அப்படியே. இவற்றில் வேறு ரேடியேட்டர் வைத்தாலும் வெளியே தெரியாது. மாடல் டி-யில் அதைச் செய்தால் வண்டியின் முகமே போய்விடும்.

கெடும் விதம்

குழாயின் உள் இடைவெளி ஏறத்தாழ 2 மி.மீ. மட்டுமே. போர்வெல் நீர் ஊற்றிய வண்டியின் மேல் தொட்டியைக் கழற்றிப் பார்த்தால், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் பிடிப்பது போன்ற வெள்ளை உப்பு ஒவ்வொரு குழாயின் உதட்டிலும் பிடித்திருக்கும். அதன்மேல் வார்ப்பிரும்பு பிளாக்கிலிருந்து வந்த துரு, செம்மண் நிறச் சேறாகப் படிந்திருக்கும். ஓரத்துக் குழாய்கள் பலவற்றில் கம்பிகூட இறங்காது.

ஒருமுறை ஊற்றிய நீர் தன்னிடமுள்ள உப்பை ஒருமுறைதான் படியவைக்கும். தினமும் கசிந்து, தினமும் ஊற்றப்படும் நீர்தான் அடைப்பை வளர்க்கிறது. சின்னக் கசிவுதானே, காலையில் ஒரு சொம்பு ஊற்றிக்கொள்ளலாம் என்று விடுவது கோரின் ஆயுளைத் தின்னும் பழக்கம்.

வெளிப்புறத்தில் பூச்சியும் மண்ணும் எண்ணெய்ப் பிசுக்கும் ஃபின்களை அடைக்கின்றன. வயதான கோர்களில் ஃபினுக்கும் குழாய்க்கும் இடையிலான பற்று அரித்துப்போகும். விரலால் வருடினால் ஃபின் பொடிந்து உதிர்ந்தால், அந்தக் கோர் ஒழுகாவிட்டாலும் பயன் தீர்ந்தது என்று பொருள். குழாயிலிருந்து தகட்டுக்கு வெப்பம் போக வழியில்லை. தொட்டி மூலைகளிலும் பக்கப் பட்டைகளிலும் அதிர்வால் பற்று விரிவது தனிக் கதை. அதைச் சரிசெய்வது எளிது.

லாரி ஓட்டுநர்கள் வழியில் ஒழுகும் ரேடியேட்டரில் மஞ்சள்தூளைப் போட்டு ஊர் போய்ச் சேருவார்கள். தூள் ஊறிப் பருத்து ஓட்டையை அடைக்கும். கூடவே நல்ல குழாய்களையும் அடைக்கும். கடையில் விற்கும் கசிவு அடைப்பான்களும் ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்கின்றன. ஊர் சேர்ந்ததும் கழுவாமல் விட்டவர்களின் கோர்தான் பட்டறைக்கு அடிக்கடி வருவது.

சோதனை

வண்டி சூடேறினால் முதலில் பழி சுமப்பது ரேடியேட்டர். பல நேரங்களில் குற்றவாளி வேறு. நெரிசலில் நிற்கும்போது மட்டும் சூடேறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் காற்றோட்டக் குறை: ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கலாம், ஃபின்கள் அடைத்திருக்கலாம். நெடுஞ்சாலையில் வேகம் கூடக்கூட வெப்பமானியின் முள் ஏறினால்தான் கோர் அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் கீழ் ஹோஸைக் கவனிப்பது நல்லது. உள்ளே இருக்க வேண்டிய சுருள்கம்பி மக்கிப்போன ஹோஸ், பம்ப் உறிஞ்சும் வேகத்தில் தட்டையாகி ஓட்டத்தை நிறுத்திவிடும். என்ஜினை அணைத்ததும் பழைய வடிவுக்குத் திரும்பி நல்லபிள்ளையாக இருக்கும். பின்தங்கிய இக்னிஷன் டைமிங், கசியும் ஹெட் கேஸ்கட் இரண்டும் இதே அறிகுறியைக் காட்டக்கூடியவை. குளிர்ந்த என்ஜினைத் தொடக்கியதும் ரேடியேட்டர் வாயில் தொடர்ந்து குமிழி வந்தால் கேஸ்கட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் மெக்கானிக்குகளிடம் ஊறிய வைத்தியம். மூடியபடி சிக்கிக்கொண்ட தெர்மோஸ்டாட் வண்டியைக் கொதிக்கவைக்கும் என்பது உண்மை. அதற்கு மருந்து புதிய தெர்மோஸ்டாட்தான். அது இல்லாத என்ஜின் உரிய சூட்டுக்கு வர நெடுநேரம் பிடிக்கும். பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், சிலிண்டர் தேய்மானம் கூடும். வெப்ப நாடுகளுக்கென 74 டிகிரி செல்சியஸில் திறக்கும் வகை உண்டு. சமவெளியில் ஓடும் வண்டிக்கு அது பொருத்தம்.

கோரைச் சோதிக்க எளிய வழி, என்ஜின் நன்றாகச் சூடான பிறகு அணைத்துவிட்டு, ஃபேன் நின்றதும் கோரின் முகத்தைக் கையால் தடவிப் பார்ப்பது. சூடு மேலிருந்து கீழாகச் சீராகக் குறைய வேண்டும். இடையில் குளிர்ந்த திட்டு தட்டுப்பட்டால் அந்தக் குழாய்களில் ஓட்டமில்லை. சூடான ரேடியேட்டரின் மூடியை மட்டும் திறக்கக்கூடாது. அழுத்தம் விடுபட்ட கணமே நீர் ஆவியாகப் பீறிட்டு முகத்தை வெந்துபோகச் செய்யும்.

பட்டறை வேலை

கழற்றிய ரேடியேட்டரை முதலில் சூடான காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைப்பார்கள். பெயின்டும் பிசுக்கும் போகும். பிறகு வாய்களை ரப்பர் கட்டையால் அடைத்து, நீர்த்தொட்டியில் அமிழ்த்தி, குறைந்த அழுத்தத்தில் காற்றைச் செலுத்துவார்கள். குமிழி எழும் இடத்தில் சாக்பீஸ் குறி. ஓட்டையைச் சுற்றிப் பித்தளை மஞ்சளாக மின்னும்வரை சுரண்டி, துத்தநாகம் கரைத்த ஆசிட்டைத் தடவி, பற்றை உருக்கி ஓடவிட வேண்டும். அழுக்கின்மேல் பற்று ஒட்டாது, உருண்டு விழும்.

கைத்திறன் தெரிவது சூட்டில்தான். பற்று இளகத் தொடங்குவது சுமார் 183 டிகிரியில். சுடரை ஓரிடத்தில் சற்று அதிகமாக நிறுத்தினால், அடைக்கப்போன ஓட்டைக்குப் பக்கத்து இணைப்புகளும் இளகி, ஒன்று நான்காகும். அதனால் அக்கம்பக்கத்தில் ஈரத்துணி சுற்றிவிட்டு வேலை செய்வார்கள். உருகும் ஈயத்தின் புகையும் சுரண்டும்போது பறக்கும் தூளும் நஞ்சு. ரேடியேட்டர் தொழிலாளர்களின் இரத்தத்தில் ஈயம் மிகுந்திருப்பது பல நாடுகளில் பதிவாகியுள்ளது. காற்றோட்டமில்லாத வீட்டுக் கொட்டகையில் செய்யும் வேலையல்ல இது.

உள்ளடைப்பு இருந்தால் மேல் தொட்டியைப் பற்று இளக்கிக் கழற்றி, மெல்லிய தட்டைக் கம்பியை ஒவ்வொரு குழாயிலும் விட்டு எடுக்க வேண்டும். குழாயின் சுவர் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான். அவசரக் கை அதைக் கிழித்துவிடும். கோரின் நடுவில் கசியும் குழாயை இரு முனையிலும் அடைத்துவிடுவதும் உண்டு. ஒன்றிரண்டு அடைத்தால் பாதகமில்லை. ஒவ்வோர் ஆண்டும் சிலவற்றை அடைத்துக்கொண்டே போனால், கசியாத ஆனால் குளிர்விக்காத ரேடியேட்டர்தான் மிஞ்சும்.

மாற்றுவதா, கோர் போடுவதா

ஃபின் உதிர்ந்தாலோ, பல குழாய்கள் போய்விட்டாலோ பற்றவைப்பு வீண். பழைய தொட்டிகளையும் பக்கப் பட்டைகளையும் வைத்துக்கொண்டு நடுவில் புதிய செம்பு–பித்தளைக் கோரைப் பொருத்துவதே பழைய காருக்கு ஏற்ற வழி. துளைகளும் ஹோஸ் வாய்களும் இருந்த இடத்திலேயே இருக்கும், தோற்றம் மாறாது, அடுத்த தலைமுறையும் அதைப் பற்றவைக்கலாம்.

அலுமினிய ரேடியேட்டர் எடை குறைவு, விலையும் பெரும்பாலும் குறைவு. வெப்பத்தைக் கடத்துவதில் செம்பு அலுமினியத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் உயர்ந்தது. ஆனால் அலுமினியக் குழாய்களை அகலமாகச் செய்ய முடிவதால் குளிர்விக்கும் திறனில் அது பின்தங்குவதில்லை. அன்றாடம் ஓட்டும் டீசல் அம்பாசடருக்கு அதைப் போட்டால் குறை சொல்ல முடியாது. கண்காட்சிக்குப் போகும் வண்டியில் நடுவர் மதிப்பெண் குறைப்பார். 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு இந்தியாவில் 2021 முதல் தனிப் பதிவு உண்டு. அந்த விதி பெரிய மாற்றம் கூடாது என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுவது சேசிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றையே.

பூட்டும்போது

புதுக் கோரைப் பொருத்துமுன் என்ஜின் பிளாக்கைக் கழுவ வேண்டும். இதைத் தவிர்த்தால் பிளாக்கில் கிடக்கும் துரு, சில நூறு கிலோமீட்டருக்குள் புதுக் கோரில் வந்து உட்காரும். அம்பாசடரின் 1489 சி.சி. என்ஜினில் பிளாக்கின் பக்கவாட்டில் வடிகுழாய் ஒன்று உண்டு. பெரும்பாலும் அது சேற்றால் அடைத்திருக்கும். கழற்றி, துளையைக் கம்பியால் குத்தி, நீர் தெளிவாக வரும்வரை ஹோஸால் பாய்ச்ச வேண்டும்.

ஹோஸ்கள் இரண்டும் புதிதாக இருக்கட்டும். இறுக்குவதற்கு, 1921-இல் பிரிட்டனின் லம்லி ராபின்சன் காப்புரிமை பெற்ற திருகு கிளிப்பை விஞ்ச இன்னும் எதுவும் வரவில்லை. மூடியில் கவனம் வேண்டும். பழைய பிரிட்டிஷ் கார்களின் மூடிகள் பல, 4 முதல் 7 பி.எஸ்.ஐ. அழுத்தம் தாங்கக்கூடியவை. ஒவ்வொரு பி.எஸ்.ஐ.-யும் கொதிநிலையை ஏறத்தாழ ஒன்றரை டிகிரி உயர்த்தும் என்பதால், புதுக் கார்களின் 15 பி.எஸ்.ஐ. மூடியைப் போடும் ஆசை வரும். போட்டால் மேல் தொட்டியின் பற்று விரியும். பழைய மூடிகளில் நெட்டை, குட்டை என இருவகை உண்டு. கழுத்தின் ஆழத்துக்குப் பொருந்தாத மூடி அழுத்தத்தையே பிடிக்காது.

நீர் மட்டும் ஊற்றுவதானால் காய்ச்சி வடித்த நீரும் துருத் தடுப்பானும் சேர வேண்டும். கூலன்ட் ஊற்றுவதானால் பழைய பச்சை வகையே பாதுகாப்பு. கரிம அமிலம் சார்ந்த புதிய வகைகள் பழைய ஈயப்பற்றுக்கும் கேஸ்கட்டுக்கும் ஒத்துப்போகாமல் கசிவை உண்டாக்கலாம். எத்திலீன் கிளைகால் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. வடித்ததைத் தரையில் விட்டால் நாயும் பூனையும் நக்கும்.

கழற்றிய பழைய ரேடியேட்டரின் பித்தளைக்கு எடைக்கடையில் நல்ல விலை கிடைக்கும். இருந்தாலும் அதன் தொட்டிகளையும் பட்டைகளையும் விற்றுவிட வேண்டாம். வேறு ரேடியேட்டர் போட்ட வண்டியை என்றாவது பழைய நிலைக்குக் கொண்டுவர நினைத்தால் அளவுக்கு வேறு மாதிரி கிடைக்காது.