பிரிஸ்டல் தருமவிடுதி: ஓவியம் சொல்லாத வரலாறு

புகைப்படக் கருவி பரவுவதற்கு முன்னர் ஒரு நகரம் எப்படி இருந்தது என்பதை அறிய நீர்வண்ண ஓவியங்களே பெருந்துணை. இவ்வகையில் இங்கிலாந்தின் மேற்குத் துறைமுக நகரான பிரிஸ்டல் பேறு பெற்றது. ஜோர்ஜ் வெயர் பிரேக்கன்ரிட்ஜ் (1775-1856) என்ற வணிகர், 1820களை ஒட்டி, ஹியூ ஓநீல், சாமுவேல் ஜாக்சன் முதலிய ஓவியர்களைக் கொண்டு நகரின் வீதிகளையும் தேவாலயங்களையும் தருமவிடுதிகளையும் வரைவித்தார். ஏறத்தாழ 1,400 ஓவியங்கள் கொண்ட அத்தொகுப்பு 1908இல் நகர அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது.

அவ்வோவியங்கள் காட்டும் பழைய வீதிகளுள் ஒன்று புனித மைக்கேல் குன்று. அங்கே 1691இல் எட்வேர்ட் கொல்ஸ்டன் ஏழை முதியோருக்காக ஒரு விடுதி கட்டினார். முற்றத்தை மூன்று புறமும் சூழ்ந்த வீடுகள். நடுவே ஒரு சிற்றாலயம். முதுமையில் போக்கிடமற்றோருக்கு அது மெய்யாகவே புகலிடம். அதனை நான் மறுக்கவில்லை.

ஆனால் அத்தருமத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது? கொல்ஸ்டன் 1680இல் றோயல் ஆபிரிக்கன் கொம்பனியில் சேர்ந்து, பின்னர் அதன் துணை ஆளுநராகவும் இருந்தவர். அவர் அதில் ஈடுபட்டிருந்த காலத்தில் ஏறத்தாழ 84,000 ஆபிரிக்கர்கள் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர் என்றும், அவர்களுள் 19,000 பேர் வரை நடுக்கடலிலேயே மாண்டனர் என்றும் ஆய்வாளர்கள் கணித்துள்ளனர். ஓவியங்களை வரைவித்த பிரேக்கன்ரிட்ஜும் மேற்கிந்தியத் தீவு வணிகத்தில் பொருளீட்டியவரே. அத்தீவுகளின் சீனியை விளைவித்தவர்களும் அடிமைகளே.

பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் என்பதால், படத்தைவிட அதன் கீழுள்ள வரிகளையே என் கண் முதலில் தேடும். 1895இல் நாட்டப்பட்ட கொல்ஸ்டன் சிலையின் பலகை அவரை நற்பண்பாளர், அறிவாளர் என்று போற்றியது. அடிமை வணிகத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அக்குறையை நீக்க இன்னொரு பலகை வைக்க 2018இல் முயன்றனர். என்ன எழுதுவது என்ற வாக்குவாதம் முற்றி, 2019இல் அம்முயற்சி கைவிடப்பட்டது. மறு ஆண்டு, 2020 யூன் 7ஆம் திகதி, மக்கள் அச்சிலையைப் பெயர்த்துத் துறைமுக நீரில் தள்ளினர். சில வரிகளில் உண்மையை ஒப்புக்கொள்ள மறுத்த நகரம், சிலையையே இழந்தது.

தருமவிடுதி இன்றும் குன்றின்மீது நிற்கிறது. அதனை இடிக்கவோ ஓவியங்களை மறைக்கவோ வேண்டியதில்லை. அங்கே அடைக்கலம் புகுந்த ஏழைகள் எப்பாவமும் அறியாதவர்கள். வேண்டுவது, படத்தின் கீழ் முழு உண்மையும் எழுதப்படுவதே. கொடுத்த கையைப் போற்றும் வரலாறு, அக்கை எவரிடமிருந்து பறித்தது என்பதையும் பதிவு செய்தாக வேண்டும். இக்கடமை பிரிஸ்டலுக்கு மட்டும் உரியதன்று.