லைனும் ரீல்ஸும்: குனிந்த இரு கழுத்துகள்

ஓசூர்–இராயக்கோட்டை சாலையில் உள்ள உத்தனப்பள்ளியில் காலை நேரத்தில் இரண்டு வகைப் பேருந்துகள் வந்து நிற்கும். ஒன்று கம்பெனி பஸ், மற்றொன்று காலேஜ் பஸ். பக்கத்து நாகமங்கலத்தில் டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலை வந்தபின், கைபேசியின் உலோகக் கூடு இந்த ராகி வயல்களுக்கு நடுவிலேயே உருவாகிறது. ஒரு பஸ்ஸில் ஏறுவோர் கைபேசியைச் செய்யப் போகிறவர்கள். மற்றதில் ஏறுவோர் அதைக் கையில் பிடித்தபடியே ஏறுகிறவர்கள். இரு தரப்பிலும் பலருக்கு வயது 18 முதல் 22 வரைதான். ஆலையின் உற்பத்தி லைனில் வேலை செய்வோரிடம் உலகெங்கும் காணப்படும் வலி கழுத்திலும் தோளிலும் மணிக்கட்டிலும் வரும். இணையத்தில் மூழ்கிய மாணவர் தடவிக்கொள்ளும் இடங்களும் அவையே. இரண்டு வலிகளும் ஒன்றுதானா?

முதல் ஒற்றுமை எடையில் இருக்கிறது. இருவரும் பாரம் சுமப்பதில்லை. லைனில் கைக்கு வரும் உதிரிபாகம் சில கிராம்தான். மாணவர் கையில் இருக்கும் கைபேசி ஏறக்குறைய 200 கிராம். உண்மையான பாரம் தலை. நிமிர்ந்திருக்கும்போது சுமார் 5 கிலோவாக இருக்கும் அதன் சுமை, 60 பாகை குனிந்தால் கழுத்தெலும்பின்மீது 27 கிலோவாக அழுத்தும் என்று 2014-இல் முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் கணக்கிட்டார். இலேசான வேலை ஏன் வலிக்கிறது என்பதற்கு சுவீடனின் ஆய்வாளர் யோரான் ஹேக் 1991-இல் ஒரு கருதுகோளை முன்வைத்தார். தசையின் மிகச் சிறிய இழைகளே முதலில் வேலைக்கு வருகின்றன, கடைசியில்தான் ஓய்கின்றன. வீட்டில் முதலில் எழுந்து கடைசியில் படுக்கும் மருமகளின் நிலைதான் அவற்றுக்கும். வேலை இலேசானது என்பதாலேயே நாம் கையை இறக்குவதில்லை. கை இறங்காததால் அந்த இழைகளுக்கு ஓய்வே கிடைப்பதில்லை.

இரண்டாவது ஒற்றுமை எதிர்பாராதது. 1913-இல் ஃபோர்டு ஆலையில் நகரும் லைன் வந்தபோது, தொழிலாளி காரைத் தேடிப் போவது நின்று கார் அவரைத் தேடி வரத் தொடங்கியது. 2006-இல் ஆசா ராஸ்கின் முடிவற்ற ஸ்க்ரோலை வடிவமைத்தபோது, அடுத்த பக்கத்தைத் தட்டித் திறக்கும் வேலை இல்லாமல் போனது. இரண்டும் களைந்தது ஒன்றையே: இடைவெளியை. எழுந்து நடப்பதற்கும் கழுத்தைத் திருப்புவதற்கும் 'போதும்' என்று நினைப்பதற்கும் இருந்த அந்தச் சில நொடிகள் இரண்டு இடங்களிலும் போய்விட்டன.

அளவுகோலும் பொதுவாகிவிட்டது. 1987-இல் வெளியான நார்டிக் வினாநிரல் தொழிலாளர்களுக்காக உருவானது. உடலை ஒன்பது பகுதிகளாகப் பிரித்து எங்கே வலி என்று கேட்கும். இன்று ஆய்வாளர்கள் அதே தாளை மாணவர்களிடமும் கொடுக்கிறார்கள், உளவியலாளர் கிம்பர்லி யங் 1998-இல் வகுத்த இணைய அடிமைத்தனத்துக்கான 20 கேள்விகளோடு சேர்த்து. வேலைக்கென்று செய்த அளவுகோல் பொழுதுபோக்குக்கும் பொருந்துகிறது. 1713-லேயே இத்தாலிய மருத்துவர் ரமஸ்ஸினி எழுத்தர்களின் நோய்க்கு மூன்று காரணங்கள் சொன்னார்: ஓயாத இருக்கை, ஒரே திசையில் கையசைவு, மனத்தின் அழுத்தம். மாணவருக்கு மூன்றும், நின்று வேலை செய்யும் தொழிலாளிக்குக் கடைசி இரண்டும் பொருந்துகின்றன.

வேறுபாடுகளும் சிறியவை அல்ல. நின்று வேலை செய்யும் தொழிலாளிக்குக் காலும் இடுப்பும் கடுக்கும். மாணவருக்குக் கட்டைவிரலின் அடிப்பகுதி நோகும். கட்டைவிரல் பக்கத் தசைநார் உறை வீங்கும் அந்த நோயை 1895-இலேயே மருத்துவர் டி குவெர்வேன் விவரித்திருக்கிறார். தொழிலாளியிடம் வேலையிலிருந்து வலிக்குப் போகும் பாதை ஓரளவு தெளிவானது. மாணவரிடம் அது இருவழிப் பாதை: குனிவதால் வலி வரலாம், வலியையும் தனிமையையும் மறக்கவே சிலர் திரைக்குள் போகலாம். நள்ளிரவு தாண்டிய ஸ்க்ரோல் தூக்கத்தைக் கெடுக்கும். தூக்கம் குறைந்த உடல் சிறு வலியையும் பெரிதாக உணரும். ஒரே ஒரு முறை கேட்டு முடிக்கும் கணக்கெடுப்பு, வலியா திரையா, எது முந்தியது என்று சொல்லாது.

பாதுகாப்பிலும் இருவரும் எதிரெதிர்த் திசையில் நிற்கிறார்கள். 1948-இன் தொழிற்சாலைகள் சட்டம் நாளுக்கு 9 மணி நேரம் என்ற வரம்பையும், 5 மணி நேரத்துக்குள் அரைமணி ஓய்வையும் விதித்தது. 2023-இல் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்தத்தைத் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றியபோது, எதிர்ப்பு எழுந்து அது திரும்பப் பெறப்பட்டது. மாணவரின் திரை நேரத்துக்காக அப்படியோர் எதிர்ப்பு எழவில்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் 2014-இல் தொழில்நுட்பப் பழக்கத்துக்கென்று 'ஷட்' சிகிச்சைப் பிரிவைத் தொடங்கியது. ஆனால் அங்கே போவதற்கு முதலில் இதை ஒரு நோவு என்று வீடு ஏற்க வேண்டும். மறுபுறம், மாணவர் நினைத்தால் இந்த நொடியே கையை இறக்கலாம். லைனில் நிற்பவரால் அது முடியாது.

ஆக, ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருக்கிறது. தொழிலாளிக்கு ஷிப்டு முடிந்ததென்று ஊதும் சங்கு உண்டு, விருப்பம்போல் நிறுத்தும் உரிமை இல்லை. மாணவருக்கு உரிமை உண்டு, சங்கு இல்லை. ஷிப்டு முடிந்து வரும் மகளிடம் "இன்னைக்கு எத்தனை மணி நேரம் நின்னே?" என்று கேட்கிறோம். கழுத்தைத் தடவிக்கொண்டிருக்கும் கல்லூரிப் பிள்ளையிடமும், திட்டுவதற்காக அல்லாமல் அதே அக்கறையோடு, "எத்தனை மணி நேரம் குனிஞ்சிருந்தே?" என்று கேட்போம். மருத்துவம் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது.