டயல்-அப் இணையம் (இந்தியா)

டயல்-அப் இணையம் என்பது வீட்டுத் தொலைபேசிக் கம்பி வழியே, மோடம் என்னும் கருவியைக் கொண்டு சேவை நிறுவனத்தின் எண்ணை அழைத்துக் கணினியை இணையத்தில் சேர்க்கும் முறை. இந்தியப் பொதுமக்களுக்கு இது 1995 ஆகஸ்ட் 15 அன்று கிடைத்தது. அடுத்த பத்தாண்டுகளில் வீட்டு இணையம் பெரும்பாலும் இதுவாகவே இருந்தது. இணைப்பு மணிக்கணக்கில் விற்கப்பட்டதால், எதை இணைப்பில் செய்வது, எதை அதற்கு வெளியே செய்வது என்ற கணக்குடனேயே இந்தியர்கள் இணையத்துக்குப் பழகினார்கள்.

இயங்கும் விதம்

தொலைபேசிக் கம்பி மனிதக் குரலுக்காகப் போடப்பட்டது. கணினித் தகவல் அதில் போக வேண்டுமானால் ஒலியாக மாற வேண்டும். மோடம் அந்த மாற்றத்தைச் செய்கிறது. மறுமுனை மோடம் ஒலியைத் திரும்பத் தகவலாக்குகிறது. இணைக்கும்போது மோடத்தின் சிறு ஒலிபெருக்கியில் முதலில் டயல் டோன் கேட்கும். பிறகு எண் விழும் ஓசை, அதன்பின் கீச்சொலியும் நீண்ட இரைச்சலும் வரும். இரண்டு மோடங்களும் கம்பியின் தரத்தைச் சோதித்து, எந்த வேகத்தில் பேசுவது என்று முடிவு செய்யும் கட்டம் அது. உடன்பாடு ஏற்பட்டதும் ஒலிபெருக்கி அடங்கிவிடும்.

எண்ணைச் சுழற்றும் கட்டளைகள், ஹேய்ஸ் நிறுவனம் 1981இல் வெளியிட்ட ஸ்மார்ட்மோடத்திலிருந்து வந்தவை. டோன் வசதியுள்ள இணைப்புக்கு ‘ஏடிடிடி’, பழைய எக்ஸ்சேஞ்சுகளின் பல்ஸ் முறைக்கு ‘ஏடிடிபி’ என்று எண்ணுக்கு முன்னால் சேர்க்க வேண்டும். மோடம் வாங்கியவர் தன் ஊர் எக்ஸ்சேஞ்ச் எந்த வகை என்று தெரிந்துவைத்திருக்க வேண்டியிருந்தது.

மோடங்களுக்கான வேகத் தரம் 1991இல் நொடிக்கு 14.4 கிலோபிட், 1994இல் 28.8, 1998இல் 56 என்று உயர்ந்தது. இவற்றுக்கு முந்தைய 9.6 கிலோபிட் வேகத்தில் ஒரு மெகாபைட் கோப்பை இறக்கக் கால் மணி நேரம் பிடிக்கும். அதுவும் லைன் நடுவில் கட்டாகாமல் இருந்தால்தான்.

முன்வரலாறு

இந்தியாவில் கணினி வலையமைப்பு கல்வி நிறுவனங்களில் தொடங்கியது. மத்திய அரசின் மின்னணுவியல் துறை, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் 1986இல் எர்நெட் திட்டத்தை ஆரம்பித்தது. சென்னை உள்ளிட்ட ஐந்து ஐ.ஐ.டி.கள், பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், பம்பாயின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம் ஆகியவை அதில் பங்கேற்றன. தொலைபேசி வழியாகவே மின்னஞ்சல்கள் பரிமாறப்பட்டன. வளாகத்துக்கு வெளியில் இருந்த ஆர்வலர்கள் சிலர் மற்றவர்கள் மோடத்தால் அழைத்து நுழையும் தகவல் பலகைகளை வீட்டுக் கணினியிலேயே நடத்தினார்கள். ஒரே தொலைபேசி லைன் கொண்ட பலகையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் நுழைய முடியும்.

பொதுச் சேவை

வெளிநாட்டுத் தொலைத்தொடர்பைத் தன் பொறுப்பில் வைத்திருந்த அரசு நிறுவனமான விதேஷ் சஞ்சார் நிகம் (வி.எஸ்.என்.எல்.) 1995 சுதந்திர தினத்தன்று பெருநகரங்களில் இணையச் சேவையைத் தொடங்கியது. அப்போது அதன் தலைவர் பி.கே. சிங்கல். தொடக்க மாதங்களில் அழைக்கும் எண்ணில் லைன் கிடைப்பதே அரிதாக இருந்தது. கிடைத்தாலும் இணைப்பு நிலைக்கவில்லை.

கணக்குகள் இரண்டு வகைப்பட்டன. ஷெல் கணக்கில் கறுப்புத் திரையில் எழுத்து மட்டும் வரும், படம் தெரியாது. அதில் அஞ்சலுக்குப் பைன், உலாவலுக்கு லிங்க்ஸ் ஆகிய நிரல்கள் பயன்பட்டன. படத்துடன் பக்கங்களைப் பார்க்க டிசிபி/ஐபி கணக்கு வேண்டும். தனிநபருக்கு 250 மணி நேர ஷெல் கணக்கு 5,000 ரூபாய். அதே நேரத்துக்கு டிசிபி/ஐபி கணக்கு 15,000 ரூபாய். தொலைபேசிக் கட்டணம் தனி. பிற்பாடு 500 ரூபாய்க்கு வந்த மாணவர் ஷெல் கணக்கு நடுத்தரக் குடும்பங்களுக்குள் இணையத்தைக் கொண்டுவந்தது. சென்னைச் சந்தாதாரரின் அஞ்சல் முகவரி ‘ஜிஐஏஎஸ்எம்டி01’ என்ற கணினிப் பெயரைத் தாங்கியிருக்கும். ‘எம்டி’ மெட்ராஸைக் குறித்தது. நகரம் சென்னையான பிறகும் முகவரியில் அது மாறவில்லை.

வீட்டுப் பழக்கங்கள்

இணையத்தில் இருக்கும்வரை வீட்டுத் தொலைபேசி என்கேஜ்டாகவே இருக்கும். அடுத்த அறையில் யாராவது இணைத் தொலைபேசியின் ரிசீவரை எடுத்தால் இணைப்பு அறுந்துவிடும். ஆகவே வீட்டார் உறங்கிய பிறகு இணைவது வழக்கமாயிற்று. கடிதங்களை இணைக்காமலே எழுதி வைத்துக்கொண்டு, சில நிமிடங்கள் மட்டும் இணைந்து, அனுப்ப வேண்டியதை அனுப்பி, வந்ததை இறக்கிக்கொண்டு துண்டித்துவிடுவார்கள். வாசிப்பது அதற்குப் பிறகுதான்.

தமிழ்ப் பயன்பாடு

இந்தச் சிக்கனம் எழுத்துக்குச் சாதகமாக இருந்தது. படம் இறங்கும் நேரத்தில் பல பக்க எழுத்து இறங்கிவிடும். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரத்தின் மயிலை எழுத்துருவும், மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலும் தமிழில் மின்னஞ்சல் எழுத வழி செய்தன. ஆனால் எழுத்துருவுக்கு எழுத்துரு குறியீடு வேறுபட்டது. அனுப்பியவரின் எழுத்துரு பெறுபவரிடம் இல்லாவிட்டால் திரையில் பொருளற்ற குறிகளே தெரியும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பல நாட்டுத் தன்னார்வலர்களைக் கொண்டு தமிழ் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் இட்டது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு தமிழ்99 விசைப்பலகையையும் டாம், டாப் எழுத்துருக் குறியீடுகளையும் ஏற்றது.

தனியார் வருகை

1998 நவம்பரில் மத்திய அரசு இணையச் சேவையைத் தனியாருக்குத் திறந்துவிட்டது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே (இன்றைய சிஃபி) முதலில் களமிறங்கியது. போட்டியால் மணி நேரத்தின் விலை வேகமாகச் சரிந்தது. கடைகளில் குறுவட்டுடன் 25, 50, 100 மணி நேரப் பொதிகள் விற்பனைக்கு வந்தன. கணினியோ தொலைபேசியோ இல்லாதவர்களுக்குத் தெருவுக்குத் தெரு முளைத்த பிரவுசிங் சென்டர்கள் கைகொடுத்தன. அங்கும் கணக்கு மணிக்குத்தான்.

முடிவு

வி.எஸ்.என்.எல். 2002இல் டாடா குழுமத்தின் கைக்குப் போயிற்று. 2004ஆம் ஆண்டின் அகலப்பட்டைக் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட்டை அகலப்பட்டையின் குறைந்தபட்ச வேகமாக வரையறுத்தது. 2005 ஜனவரியில் அரசுத் தொலைபேசி நிறுவனமான பி.எஸ்.என்.எல். ‘டேட்டாஒன்’ அகலப்பட்டைச் சேவையைத் தொடங்கியது. அதுவும் அதே செம்புக் கம்பியில்தான் வந்தது. ஆனால் பேச்சையும் தகவலையும் வெவ்வேறு அலைவரிசைகளில் பிரித்ததால் இணையம் ஓடும்போதே தொலைபேசியும் ஒலித்தது. நேரத்துக்குப் பணம் என்ற முறை மறைந்து, இறக்கிய மெகாபைட்டுக்குப் பணம் என்ற முறை வந்தது. கைப்பேசி டேட்டா பேக்குகள் பின்னாளில் தொடர்ந்தது இந்த இரண்டாவது கணக்கைத்தான்.