அமெரிக்கத் தமிழரின் கடைசிப் பெயர்

அமெரிக்கத் தமிழர் வீடுகளில் 'லாஸ்ட் நேம்' எனப்படுவது பெரும்பாலும் பரம்பரையாக வந்த குடும்பப் பெயர் அல்ல. அப்பாவின் பெயர் அல்லது தாத்தாவின் பெயர். ஊரில் ஒற்றை எழுத்தாகப் பெயருக்கு முன்னால் நின்ற இனிஷியல், கடல் தாண்டியதும் முழுப்பெயராக விரிந்து பின்னால் போய் நின்றுகொண்டது. நியூ ஜெர்சியின் எடிசன், கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட், டெக்சாஸின் பிளேனோ என்று தமிழர்கள் குடியேறிய ஊர்களில் எல்லாம் இதே கதைதான்.

தமிழ்நாட்டு முறையில் இனிஷியல் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். சர் சி. வி. ராமனின் குடும்பமே இதற்கு நல்ல சான்று. ராமனின் தந்தை பெயர் ஆர். சந்திரசேகர ஐயர். அதனால் ராமனுக்கும் அவருடைய அண்ணன் சுப்பிரமணியனுக்கும் இனிஷியல் 'சி'. அண்ணன் தன் மகனுக்குத் தாத்தா பெயரையே வைத்தார். அந்தப் பிள்ளை எஸ். சந்திரசேகர். சித்தப்பாவுக்கு 1930இலும் அண்ணன் மகனுக்கு 1983இலும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனாலும் இருவரும் ஒரே குடும்பம் என்பதைப் பெயரை வைத்து வெளியார் யாரும் கண்டுபிடிக்க முடியாது.

ஐயர், பிள்ளை, முதலியார் போன்ற சாதிப் பட்டங்கள் நிலைத்திருந்தால் அவையே அமெரிக்காவில் கடைசிப் பெயராகியிருக்கும். மும்பை, டெல்லி என்று முன்பே குடிபெயர்ந்த குடும்பங்கள் சிலவற்றில் அப்படித்தான் ஆயிற்று. தமிழ்நாட்டிலோ 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. அடுத்து வந்த தலைமுறைகளில் பட்டம் போய், அப்பாவின் பெயர் மட்டும் மிஞ்சியது. அமெரிக்கத் தமிழரின் பெயர்ச் சிக்கலுக்குப் பின்னால் இப்படி ஒரு பெருமைக்குரிய வரலாறு இருக்கிறது.

அப்பாவின் பெயரை ஒட்டிக்கொள்ளும் இதே வழக்கம் ஒரு காலத்தில் ஸ்காட்லாந்தின் மலைநாட்டிலும் இருந்தது. 'மாக்' என்றால் மகன். டொனால்டின் மகன் மாக்டொனால்ட். அவனுடைய மகனுக்கு வேறு அடையாளம். காலப்போக்கில் அந்தப் பெயர் உறைந்து, டொனால்ட் யாரென்றே அறியாத கொள்ளுப்பேரர்களுக்கும் அதுவே நிலைத்துவிட்டது. ஷெட்லாந்து தீவுகளில் தந்தை பெயரைச் சூடும் முறை 19ஆம் நூற்றாண்டு வரை நீடித்தது. ஐஸ்லாந்தில் இன்றும் உண்டு. ஸ்காட்லாந்தில் பல நூற்றாண்டுகளாக நடந்ததைத் தமிழர்கள் ஒரே தலைமுறையில், ஒரு விசா விண்ணப்பத்தில் செய்து முடித்தார்கள்.

அந்த விண்ணப்பங்கள் முதலில் சொற்பமே. 1946ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்கு 100 இந்தியர்களுக்கு மட்டுமே குடியேற இடம் தந்தது. அந்தக் காலத்தில் வந்தவர்களில் பலர் மாணவர்கள். 1958இல் பெர்க்லிக்குப் படிக்க வந்த சியாமளா, மன்னார்குடிப் பக்கத்துப் பி. வி. கோபாலனின் மகள். அமெரிக்க ஏடுகளில் அவர் சியாமளா கோபாலன். அவர் மகள் கமலா ஹாரிஸ் தந்தையின் குடும்பப் பெயரைப் பெற்றார். நாடுவாரி ஒதுக்கீட்டை 1965ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியதும் மருத்துவர்களும் பொறியாளர்களும் வந்தார்கள். 1990இல் எச்-1பி விசா பிறந்தபின் கணினித் துறையினர் பெருமளவில் வந்து சேர்ந்தார்கள்.

மாற்றம் எல்லாருக்கும் ஒரே மாதிரி நடக்கவில்லை. காரக்பூர் ஐஐடியில் பி. சுந்தரராஜனாக இருந்தவர் கலிஃபோர்னியாவில் சுந்தர் பிச்சை ஆனார். தந்தை பெயர் பின்னால் போனது. சந்திரசேகருக்கோ வரிசை மாறவில்லை. தந்தை பெயர் முன்னால், தன் பெயர் பின்னால் என்று தமிழ் முறையிலேயே எழுதினார். வானியலில் 'சந்திரசேகர் வரம்பு' அவருடைய சொந்தப் பெயராலேயே வழங்குகிறது.

கடவுச்சீட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்தவர்கள் பாடுதான் திண்டாட்டம். அமெரிக்க விசாவில் அந்தப் பெயர் கடைசிப் பெயராகிவிடும். முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று விழும். முதற்பெயர் தெரியவில்லை என்பது அதன் பொருள். ஓட்டுநர் உரிமத்திலும் அந்த மூன்றெழுத்தே ஏறி, மருத்துவமனையில் செவிலியர் அதையே பெயரென்று எண்ணிக் கூப்பிடும் நிலை பலருக்கு வந்திருக்கிறது. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் இருக்க, 'தெரியவில்லை' என்று அழைக்கப்படுவது எந்த மனிதருக்கும் நேரக்கூடாத அவமதிப்பு.

வீட்டுக்குள்ளும் குழப்பம் உண்டு. ராமசாமியின் மகன் முத்து, அலுவலகத்தில் 'மிஸ்டர் ராமசாமி'. அவர் மனைவி செல்வி ஊரில் எடுத்த கடவுச்சீட்டின்படி செல்வி முத்து. குழந்தைக்கு முத்து என்று போட்டால் தமிழ் முறை. ராமசாமி என்று போட்டால் அமெரிக்க முறை. செல்வியும் ராமசாமி ஆனால், மாமனார் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்றிருந்த குடும்பத்தின் மருமகள் அதையே தன் கையெழுத்தாகப் போடுகிறாள்.

அமெரிக்காவில் பிறந்த தலைமுறை தன் வழியைத் தானே பார்த்துக்கொண்டது. நடிகை மிண்டி கேலிங், மேடையில் அறிவிப்பாளர்கள் தடுமாறியதால் சொக்கலிங்கம் என்ற பெயரைக் கேலிங் என்று சுருக்கிக்கொண்டார். குடியேறி வந்தவர்களுக்கோ குடியுரிமை விண்ணப்பத்திலேயே பெயர் மாற்றம் கேட்க இடமுண்டு. நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுக்கும்போது அது சட்டப்படி நிறைவேறும்.

இத்தனை மாற்றத்திலும் முதலில் உதிர்வது, சிலரின் இனிஷியலில் அப்பா பெயருக்கு முன்னால் நிற்கும் ஊர்ப்பெயர்தான். 2007இல் ஏபெல் பரிசு பெற்ற நியூயார்க் கணித மேதை எஸ். ஆர். சீனிவாச வரதனை உலகம் வரதன் என்றே அறியும். முதல் 'எஸ்' சாத்தமங்கலம் என்ற ஊர். நியூ ஜெர்சியிலோ டெக்சாஸிலோ பிள்ளைகளை வளர்ப்பவர்களே, உங்கள் இனிஷியலில் இருந்த ஊர் எது, ஆள் யார் என்பதை அவர்களுக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.